நாட்களை எண்ண வேண்டியவர் யார்?

கனடாவில் குடியுரிமை கேட்பவர், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது 1,095 நாட்கள் அந்நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். சொந்த வீடு, ஒழுங்காகக் கட்டிய வரி, அங்கே படிக்கும் பிள்ளைகள் என்று எதைக் காட்டினாலும் குறைகிற நாளுக்கு அது ஈடாகாது.

எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக வெளியேறியிருந்த பாப்படோயோர்காகிஸ் என்ற மாணவரின் வழக்கில், 1978-இல், அவர் வாழ்வின் மையம் கனடாதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1992-இல் கூ வழக்கில் நீதிபதி ரீட், ஒருவர் உண்மையில் எங்கே வாழ்கிறார் என்பதை அறிய ஆறு கேள்விகளை வகுத்தார். மறு ஆண்டே பூர்காசெமி வழக்கில் நீதிபதி மல்டூன், ஆள் நேரில் இருந்த நாட்கள் மட்டுமே கணக்கு என்றார். மூன்று அளவுகோல்களும் பல ஆண்டுகள் அக்கம்பக்கமாகப் புழங்கின. கோப்பு எந்த நீதிபதியின் மேசைக்குப் போகிறது என்பதே பலருடைய தலைவிதியானது. 2015-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடலால் இருந்த நாட்களே கணக்கு என்று முடித்துவைத்தது. அப்போது 6 ஆண்டுகளில் 1,460 நாட்கள் கேட்டார்கள். 2017 அக்டோபரில்தான் இன்றைய எண் வந்தது.

நீதிபதியின் மனப்போக்கைவிட எண்ணிக்கை மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த எண்ணிக்கையும் வெறும் உடலின் கணக்கு அல்ல. நிரந்தர வதிவிட உரிமை கிடைப்பதற்கு முன், தற்காலிக விசாவிலோ பாதுகாப்புப் பெற்றவராகவோ இருந்த ஒரு நாள் அரை நாளாகிறது. அப்படிச் சேர்வதும் 365-ஐத் தாண்டாது. அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களோ பொதுவாகக் கணக்கிலேயே வருவதில்லை. எண்பதுகளிலிருந்து டொரொன்டோவுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களுக்குக் காத்திருப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் குளிர்காலங்களில் அவர்கள் வேறெங்கும் இருந்துவிடவில்லை.

கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் உள்ளே இருந்த நாட்களாகவே எண்ணப்படும். ஆகவே காலையில் எல்லை கடந்து பஃபலோவில் சாமான் வாங்கி இரவே வீடு வந்தவருக்கு ஒரு நாளும் குறையாது. இது தாராளமான விதிதான். சிக்கல், பயணங்களின் பட்டியலைத் தயாரிப்பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு சாவீடு, சென்னையில் ஒரு கல்யாணம், நடுவில் புதுப்பித்த கடவுச்சீட்டு, மை மங்கிய முத்திரை. ஐந்தாண்டுப் போக்குவரத்தைத் தேதி தவறாமல் எழுத வேண்டியவர் விண்ணப்பதாரரே. தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் 5 ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கத் தடை, அபராதம், சிறை வரை போகலாம். நாள் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் தகுதி வந்த பிறகும் சில வாரங்கள் தள்ளியே பலர் விண்ணப்பிக்கிறார்கள். கூடுதல் நாட்களோடு விண்ணப்பிக்கும்படி குடிவரவுத் துறையே அறிவுரை சொல்கிறது.

இத்தனைக்கும் பதிவு அரசின் கையில் இருக்கிறது. 2013 முதல் கனடாவும் அமெரிக்காவும் தரைவழி எல்லைப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன: அங்கே நுழைந்த பதிவே இங்கே வெளியேறிய பதிவு. 2020 முதல் விமானத்தில் வெளியேறுவோரின் விவரத்தை விமான நிறுவனங்கள் தருகின்றன. அந்த விவரத்தைப் பார்க்க விண்ணப்பப் படிவத்திலேயே சம்மதமும் வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் உன் விடையை எழுது, பிறகு என் விடைத்தாளோடு ஒப்பிடுகிறேன் என்கிற தேர்வு முறை இது.

அதற்காக அரசின் பதிவை வேதவாக்காக்கவும் முடியாது. பிரிட்டன் வரித்துறை 2025-இல் பயணப் பதிவுகளை நம்பி, நாட்டைவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை என்று சுமார் 23,500 பேரின் குழந்தை உதவித்தொகையை நிறுத்தியது. பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் விமானம் ஏறி, விடுமுறை முடிந்து அயர்லாந்துக் குடியரசின் டப்ளினில் இறங்கி, சாலை வழியாக வீடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அயர்லாந்துத் தீவின் உள் எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையே கிடையாது. திரும்பியது எங்கே பதிவாகும்? டிக்கெட் எடுத்துவிட்டுப் பயணம் போகாதவர்களும் சிக்கினார்கள். சம்பளப் பதிவைப் பார்த்திருந்தாலே பலர் உள்ளூரில் வேலை செய்வது தெரிந்திருக்கும். துறை பிறகு மன்னிப்புக் கேட்டது.

ஆகவே கனடா செய்யக்கூடியது ஒன்றுண்டு. தன்னிடம் உள்ள போக்குவரத்துத் தேதிகளைப் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பித் தரட்டும்; விடுபட்டதைச் சேர்க்கவும் தவறானதைத் திருத்தவும் விண்ணப்பதாரருக்கு இடம் இருக்கட்டும். இரு பட்டியல்களும் முரண்படும் இடத்தில் மட்டும் அதிகாரி சான்று கேட்கலாம்.