இருட்டினால் தானே எரியும் வாசல் விளக்கு

''அந்தி சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வாசலுக்கே கரடி வருகிறது. விளக்கு தானாக எரிய வழி உண்டா?''

- வாசகர், கோத்தகிரி.

''உண்டு. 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 1 கே மின்தடை, 100 கே பிரிசெட் வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கும், பேஸிலிருந்து எல்.டி.ஆர். வழியாக நெகட்டிவுக்கும் இணையுங்கள். எமிட்டர் நெகட்டிவுக்கு. பாசிட்டிவுக்கும் கலெக்டருக்கும் இடையே 12 வோல்ட் ரிலே. அதன் குறுக்கே 1என்4007 டையோடு, கோடுள்ள முனை பாசிட்டிவ் பக்கம். இருட்டில் எல்.டி.ஆரின் மின்தடை கூடி, ரிலே வேலை செய்யும். அதன் என்.ஓ. முனையில் 12 வோல்ட் எல்.இ.டி. மட்டும் கொடுங்கள், 230 வோல்ட் என்றால் எலெக்ட்ரீஷியன் வேண்டும்.

பகல் மூடுபனியிலும் எரிந்தால் பிரிசெட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள். விளக்கொளி எல்.டி.ஆர். மீது விழுந்தால் விட்டுவிட்டு எரியும், மறைத்து வையுங்கள். விளக்கு கரடியை விரட்டாது. கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியே பார்க்க உதவும்.''