பன்னிரண்டு வயதுத் தாத்தா!

பன்னிரண்டு வயது நிரம்பாத தாத்தாவை நீங்கள் பார்த்ததுண்டா? இருக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் உலகில் அந்தத் தாத்தா கொடுக்கிற தொல்லை கொஞ்சநஞ்சமல்ல!

உதாரணத்துக்கு, ரயில் டிக்கெட் போடுகிற ஒரு புரோகிராம். அதில் இரண்டு கேள்விகள். வயது 12-க்குக் கீழா? ஆமென்றால் குழந்தைக் கட்டணம். வயது 60-க்கு மேலா? ஆமென்றால் கீழ்ப் படுக்கை. கேள்விக்கு இரண்டு பதில் வீதம் நான்கு வழிகள். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக 20 கேள்விகள் இருந்தால்? 10,48,576 வழிகள்!

இவ்வளவையும் மனிதர் பார்த்து மாளாது. இதற்கென்றே பரிசோதனைப் புரோகிராம்கள் இருக்கின்றன. அடுப்பு மூட்டாமலே, சமையல் குறிப்பைப் படித்த மாத்திரத்தில், “உப்பு இரண்டு தடவை விழுகிறதே!” என்று சொல்லும் பாட்டியைப் போல, இவை புரோகிராமை ஓட்டாமலே குற்றம் கண்டுபிடிக்கும்.

சங்கடம் என்னவென்றால், இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்கிற வழியிலும் நுழைந்து, “இங்கே ஆபத்து!” என்று கூவிவிடும். அந்த வழியில் நடக்க ஆள் ஏது? பொய்க் கூச்சலைப் பத்துத் தடவை கேட்ட என்ஜினீயர் பதினோராவது தடவை திரும்பிப் பார்ப்பாரா? அன்றைக்குத்தான் நிஜமாகவே புலி வரும். அது விமானத்திலோ ஆஸ்பத்திரி யந்திரத்திலோ வந்தால்?

இதற்கு ஒரு யுக்தி உண்டு. ஜேம்ஸ் கிங் 1976-இல் எழுதிய கட்டுரை அதை விளக்கியது. வயதுக்கு எண்ணைப் போடாமல், பள்ளிக்கூட அல்ஜீப்ரா மாதிரி ஓர் எழுத்தைப் போட வேண்டும். வழி நெடுக வரும் நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகு, “எல்லாவற்றுக்கும் பொருந்துகிற எண் உண்டா?” என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் வழியை அடைத்துவிடலாம். உண்டென்றால், அந்த எண்ணே குற்றத்துக்குச் சாட்சி! மைக்ரோஸாப்டில் தாமஸ் பால், ஸ்ரீராம் ராஜமணி இருவரும் உருவாக்கிய ‘ஸ்லாம்’, விண்டோஸ் டிரைவர் புரோகிராம்களில் பொய் வழிகளை இப்படித்தான் சலித்து ஒதுக்கியது.

எந்தப் புரோகிராமானாலும் இப்படித் தீர்ப்புச் சொல்லிவிடலாமா? முடியாது. ஆலன் டூரிங் 1936-இல் நிரூபித்த முடிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. சில வழிகள் சந்தேகமாகவேதான் இருக்கும். அங்கே என்ன செய்வது? கூவட்டும் என்று விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

பன்னிரண்டு வயதுத் தாத்தாவைத் தைரியமாக விரட்டலாம். ஆனால் வாசலில் நிற்பது யாரென்று தெரியாதபோது, ‘ஆளே இல்லை’ என்று சாதிப்பதுதான் ஆபத்து. என்ன சொல்லுகிறீர்கள்?