ஏரி எங்கே, ஸார்?

மேற்கு மாம்பலத்திலே 'லேக் வியூ ரோடு' என்று ஒரு வீதி உண்டு. அதன் வழியாகத் தினந்தோறும் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளையாண்டான் ஒருவன், பூகோள வகுப்பில் எழுந்து நின்று, "அங்கிருந்து பார்த்தால் எந்த ஏரி தெரியும், ஸார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். மனித சமூகமும் அதன் சுற்றுப்புறமும் ஒன்றையொன்று எவ்விதம் மாற்றுகின்றன என்று பெரிய கலாசாலைகளில் ஆராய்கிறார்களே, அந்தச் சாஸ்திரத்தின் முதற் கேள்வியையே அவன் கேட்டுவிட்டான் என்பது சிரித்து முடிந்த பிறகுதான் நமக்கு உறைத்தது.

ஏரி இருந்தது வாஸ்தவமே. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்தபடியால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டாங்க்' என்றார்கள். 1923-ஆம் ஆண்டு தொடங்கி அதன் நீரை வடித்துத் தியாகராய நகரை நிர்மாணித்தார்கள். நுங்கம்பாக்கத்து ஏரியிருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரி போய்விட்டது, வீதிகளின் பெயர்ப் பலகையிலே மாத்திரம் அலையடித்துக்கொண்டிருக்கிறது.

தூர்த்தவர்களை ஏசுவது சுலபம். ஆனால் அவர்கள் தூர்த்த மண்ணிலே வீடு கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு அதற்கு வாயில்லை. மேலும், ஏரி என்பது வெறும் பள்ளமன்று, ஊராரின் ஏற்பாடு. அதன் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். கோடையில் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி இருப்பான். கரையை ஊர் கூடிப் பழுது பார்ப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கத்தைக் காப்பதற்கென்று 1858-இல் சர்க்கார் சட்டமே செய்ய வேண்டி வந்தது. வழக்கம் உயிரோடிருந்தால் அதற்குச் சட்டம் எதற்கு? பிறகு பட்டணம் வளர, வயல் மனைக்கட்டாயிற்று. வயலில்லாதவனுக்கு மதகு எதற்கு? யாருக்கும் வேண்டாத ஏரி தூர்ந்தது. மனிதன் சுற்றுப்புறத்தை மாற்றினான் என்பது இவ்வளவுதான். இது பாதிக் கதை.

சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 140 செண்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதை வாங்கி வைத்து, மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு ஊட்டியவை ஏரிகளே. வாங்குவாரில்லாத மழை 2015 டிசம்பரில் நம் கூடத்திற்குள் வந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரிலே அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு இராப்பொழுதெல்லாம் விழித்திருந்தோம். நான்கே வருஷம் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்தது! வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் தனித்தனிக் காரணம் தேடுகிறவர்கள் தேடட்டும். பருவமழை ஒரு வருஷம் மிகுவதும் ஒரு வருஷம் பொய்ப்பதும் என்றும் உள்ளவை; மிகுந்ததைக் குறைந்த நாளுக்கு எடுத்து வைக்கும் பாத்திரத்தையல்லவா நாம் உடைத்துவிட்டோம்?

நம் சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். வீட்டிலே போர் போட்டவுடன், கிணற்றை மூடிக் கார் நிறுத்த இடம் செய்துகொண்டோம். 2003-இல் மழைநீர்ச் சேமிப்புக் கட்டாயமாயிற்று. நாமும் மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கினோம். அது போய்ச் சேர்ந்த குழியை மண் அடைத்துக்கொண்டதை அப்புறம் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. 2019-இல் போர்க் குழாயில் காற்று மட்டும் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வரிசையில் அந்தப் பிள்ளையாண்டானின் பாட்டியும் நின்றாள். "இந்தத் தெருவிலே எட்டு முழக் கயிறு போதுமே, ஐயா, அந்தக் காலத்தில்!" என்றாள்.

மறுவாரம் கொத்தனாரை அழைத்துக் கிணற்றின் மேலிருந்த பலகைக் கல்லைப் பெயர்த்தோம். அடியில் ஈரம் மாத்திரம் இருந்தது. மாடிக் குழாயை அதற்குள்ளே திருப்பிவிட்டோம். கார் இப்போது தெருவிலே வெயில் காய்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பையன் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, எத்தனை முழம் என்று அளந்து, பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்திலே குறித்துக்கொண்டு போகிறான். எட்டு முழத்துக்கு இன்னும் வரவில்லை.