உலகம் சுத்தக் கிளம்புறீங்களா? உங்க எக்செல் ஷீட்டில் உங்க உடம்பைக் காணோம்

1/ போன மாசம் ஓபியில் ஒரு தம்பி, மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து வேணும்னு வந்தார். பைக்கில் தரைவழியா உலகம் சுத்தப் போறார். பதினாலு மாசம். போனில் எக்செல் ஷீட்டைக் காட்டினார், அசந்துட்டேன். விசா தேதி, வண்டிக்கான கார்னே, டயர் மாத்த வேண்டிய கிலோமீட்டர், எந்த நாட்டில் ட்ரோனுக்குத் தடை... எல்லாமே இருந்தது.

2/ உடம்புக்குன்னு ஒரே ஒரு வரி: "ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்". "வழியில நாய் கடிச்சா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "பாத்துக்கலாம் டாக்டர்." அந்த 'பாத்துக்கலாம்' மேல வந்த கோபம்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/ கனவைக் கலைக்க வரல மக்களே. 1955-56லேயே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் ரெண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டிட்டுப் போனாங்க. ஆனா ஆளுக்கு ஒரு பொறுப்பு பிரிச்சு, திட்டம் போட்டுட்டுப் போனாங்க. "பிளான் பண்ணாத, கிளம்பு"ங்கிறது இன்னைக்கு ரீல்ஸில் விக்கிற சரக்கு.

4/ முதல்ல நாய்க்கடி. நம்ம ஊர்ல நாய் கடிச்சா அரசு மருத்துவமனையில ஊசி இலவசம். உலகம் முழுக்க அப்படித்தான்னு நினைச்சுக்கிறோம். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது கிட்டத்தட்ட கிடையாது. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் போடணும். பல நாடுகளில் அது தலைநகரத்தில்கூட சுலபமா கிடைக்காது.

5/ கிளம்புறதுக்கு முன்னாடியே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தா கதையே வேற. கடிச்சதும் 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவணும். அப்புறம் கடிச்ச அன்னைக்கு ஒரு ஊசி, மூணு நாள் கழிச்சு ஒண்ணு. இம்யூனோகுளோபுலின் தேவையில்ல. ஹெல்மெட் கேமராவுக்கு ஆகுற செலவை யோசிச்சா இது ஒண்ணுமே இல்ல.

6/ மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வழியா போறவங்க குறைஞ்சது 10 நாள் முன்னாடி ஊசி போட்டுக்கணும். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. சான்றிதழ் இல்லாம அந்த நாடுகளிலிருந்து திரும்பினா நம்ம நாட்டிலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்துவாங்க. எல்லையில போய் "சார், ப்ளீஸ்" வேலைக்கு ஆகாது.

7/ மலேரியா. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. ஒரு காய்ச்சலைப் பாரசிட்டமாலில் ஓட்டிட்டு ரெண்டு மூணு நாள் வண்டி ஓட்டினா, மூளை வரை போயிடும். எந்தத் தடுப்பு மாத்திரை, எத்தனை நாள்னு போற இடத்தைச் சொல்லிக் கேளுங்க. சில மாத்திரைகளை அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் சாப்பிடணும். பாதியில நிறுத்துறவங்கதான் அதிகம்.

8/ உயரம். பாமீர் நெடுஞ்சாலை எல்லாரோட ஷீட்லயும் இருக்கு. ஓஷ் நகரம் சுமார் 1000 மீட்டர், அக்பைதால் கணவாய் 4655 மீட்டர். 3000 மீட்டருக்கு மேல, தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது. தம்பி ஷீட்ல அந்தப் பாதைக்கு ஒதுக்கினது ஒரே நாள்! தலைவலி, வாந்தி வந்தா மேல ஏறாதீங்க. நடை தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ உடனே கீழ இறங்குங்க. "ஜிம் போறேன், ஒண்ணும் ஆகாது"ங்கிறது இங்க செல்லாது.

9/ இதெல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து, ரோடு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல் சாலை விபத்தில் இறந்தவங்க சுமார் 11.9 லட்சம் பேர். 17 மணி நேரம் தூங்காம இருந்தா, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற அளவுக்கு மூளை மந்தமாகும். குடிச்சிட்டு ஓட்ட மாட்டேன்னு சொல்ற அதே ஆளு, "இன்னும் 200 கிலோமீட்டர்தானே"ன்னு ராத்திரியில ஓட்டுறார்.

10/ ஏன் ஓட்டுறார்? விசா முடியுது. அதான் என் முக்கியமான சண்டை. தினம் 450 கிலோமீட்டர், ஓய்வு நாள் பூஜ்யம்னு ஒரு ஷீட் போட்டா, வண்டியை ஓட்டுறது நீங்க இல்ல, விசா தேதி. காய்ச்சலோட ஓட்ட வைக்கிறதும், தலைவலியோட மேல ஏற வைக்கிறதும் அந்தத் தேதிதான். வாரத்துக்கு ஒரு நாள் சும்மா இருக்கிற மாதிரி திட்டம் போடுங்க.

11/ மருந்து. டிராமடால், கோடீன் கலந்த மாத்திரை எல்லாம் ஐக்கிய அரபு அமீரகம் மாதிரி நாடுகளில் முன் அனுமதி இல்லாம கொண்டு போகக் கூடாது. மருந்தோட பொதுப்பெயர் போட்ட டாக்டர் சீட்டு கையில இருக்கணும். சுகர், பிரஷர் இருக்கிறவங்க எல்லா மருந்தையும் ஒரே பையில வைக்காதீங்க. அந்தப் பை தொலைஞ்சா?

12/ காப்பீடு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம்ங்கிறதால அதை மட்டும் எடுத்துட்டு, மத்த நாடுகளுக்கு வெறுங்கையோட போறாங்க. பாலிசியில பைக் ஓட்டுறது சேருமா? எவ்வளவு உயரம் வரை? அங்கிருந்து ஊருக்குத் தூக்கிட்டு வர்ற செலவு சேருமா? இந்த மூணு கேள்விக்குப் பதில் தெரியாம கிளம்பாதீங்க. நீங்க ஐசியூவில் இருக்கும்போது நகையை அடகு வைக்கப் போறது உங்க அம்மா.

13/ "வெள்ளைக்காரன் எல்லாம் சும்மா கிளம்புறான்"னு சொல்லாதீங்க. அங்க பயணிகளுக்குன்னே தனி கிளினிக் இருக்கு. வீடியோவில் டென்ட் போடுறதைக் காட்டுவாங்க, ஊசி போட்டுக்கிறதைக் காட்ட மாட்டாங்க. அதுக்கு வியூஸ் வராது.

14/ எங்க மேலயும் தப்பு இருக்கு. எம்பிபிஎஸ்ல பயண மருத்துவம்னு தனிப் பாடம் இல்ல. ஓபி கூட்டத்தில் ரெண்டு நிமிஷத்தில் "ஃபிட்"னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கேன். அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாத்தாது.

15/ அதனால, குறைஞ்சது மூணு மாசம் முன்னாடி வாங்க. போற நாடு, மாசம், உயரம் எழுதிட்டு வாங்க. டெட்டனஸ், டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஊசிகள் போட்டிருக்கான்னு பாருங்க. பல்லைக் காட்டிடுங்க, பல்வலியோட பாலைவனம் தாண்டுறது கொடுமை. ரத்த வகை, அலர்ஜி, வீட்டு நம்பர் எழுதின அட்டை சட்டைப்பையில இருக்கட்டும், பூட்டின போனில் இல்ல.

16/ அன்னைக்குத் தம்பிக்கு நான் கையெழுத்து போடல. கோவிச்சுக்கிட்டுத்தான் போனார். ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தார். முதல் ரேபிஸ் ஊசி போட்டாச்சு. பாமீருக்கு ஒரு நாள் இப்போ ஏழு நாள். "கிளம்புற தேதி ஒன்றரை மாசம் தள்ளிப் போச்சு டாக்டர்"னு அலுத்துக்கிட்டார்.

17/ போகட்டும். பாமீர் எங்கயும் போயிடாது. உங்க கூட்டத்தில் இப்படி ஒருத்தர் ஷீட் போட்டுட்டு இருப்பார். இதை அவருக்கு அனுப்புங்க.