சொந்த மெட்டு எப்போது வரும்?

சோழவந்தான் என்றால் வெற்றிலை. அடுத்தது பாட்டு. பாடகர் டி.ஆர்.மகாலிங்கத்தின் ஊரான தென்கரை, சோழவந்தானுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சொந்தமாக மெட்டுப் போட வேண்டும் என்று இப்போது பல பிள்ளைகளுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால், "யாரையும் பார்த்துப் பாட மாட்டேன்" என்று முதல் நாளே சிலர் முரண்டு பிடிக்கிறார்கள். அது தவறு.

மகாலிங்கம் யாரைப் பார்த்துப் பாடினார்? எஸ்.ஜி.கிட்டப்பாவை! நாடக மேடையைக் கலக்கிய கிட்டப்பா, 1933-ல் 27 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய பாணியை மகாலிங்கம் சிறு வயதிலேயே பிடித்துக்கொண்டார். 1945-ல் வந்த "ஸ்ரீவள்ளி" படத்தில், கிட்டப்பா பாடிப் புகழ் பெற்ற "காயாத கானகத்தே" பாட்டையே பாடினார். அதனால் அவர் பெயர் மறைந்துவிட்டதா? இல்லை.

கொடிக்கால் போடுகிறவர் முதலில் அகத்தியை வளர்க்கிறார். வெற்றிலைக் கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஏறியதால் கொடி அகத்தி ஆகிவிடுவதில்லை!

ஒரு எச்சரிக்கை. மகாலிங்கம் உச்சக் குரலில் பாடியவர். நீங்களும் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். ஆண்களில் பலருக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை சுருதியே போதும். குரல் உடைகிற வயதுப் பையனை உச்சத்தில் பாடச் சொல்லி வற்புறுத்தவே கூடாது.

கறுப்புக் கட்டை

மெட்டுப் போடுவது எப்படி? ஆர்மோனியத்தைப் பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருக்கும். மூன்றில் முதல் கட்டையை "ச" என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பை மட்டும் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். ச, ரி, க, ப, த. அதுதான் மோகன ராகம்! இந்த ஐந்து சுரத்துக்குள் இரண்டு வரி கட்டுங்கள். அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? அதையே வாசித்துப் பாருங்கள். செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறு கட்டுங்கள்.

நாலு சொல் கொடுத்தால் கம்ப்யூட்டரே இப்போது பாட்டுப் போட்டுத் தருகிறது. வேடிக்கைக்குக் கேட்கலாம். உங்கள் காது அதனால் பழகாது.

பெற்றோருக்கு

"ஆறு மாதம் ஆச்சு, ஒரு பாட்டும் வரலையே" என்று விரட்டாதீர்கள். பண்ணைப்புரம் இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். 1968-ல் சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் படித்தார். "அன்னக்கிளி" வந்தது 1976-ல். எட்டு ஆண்டு! அதுவும் அண்ணனோடு வாசித்துப் பழகிய பிறகு!

பெண்ணுக்கும் அதே அவகாசம் கொடுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாட ஒரு பாட்டு வந்தால் போதும் என்று நிறுத்திவிடுகிறீர்களே, என்ன நியாயம்?

கடன் வாங்கிப் பெரிய கீபோர்டு வாங்க வேண்டாம். பழைய ஆர்மோனியம் ஒன்று போதும். வாங்கும்போது துருத்தியில் காற்று கசிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.