பையன் அடித்தால் பயிற்றுநர் குற்றவாளியா?



கிள்ளான் வட்டாரத்தில் 12 வயதுக்குட்பட்டோருக்கான காற்பந்துப் போட்டி ஒன்றில் நான் கண்ட காட்சி இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. தமிழ்ப்பள்ளி ஒன்றின் முன்னணி ஆட்டக்காரன், தன்னை இடறி விழச்செய்த எதிரணி மாணவனை எழுந்த வேகத்தில் முகத்தில் குத்திவிட்டான். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி வெளியேற்றினார். பையன் அழுதுகொண்டே திடலோரம் போய் அமர்ந்தான். அவனருகில் யாரும் போகவில்லை. பெற்றோர் சிலர் பயிற்றுநராக இருந்த ஆசிரியரைச் சூழ்ந்துகொண்டனர். "இதைத்தான் சொல்லிக் கொடுத்தீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார். ஆசிரியர் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார்.

அடுத்து நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதே பேச்சுதான். இறுதியில், "இனி உங்கள் அணியைப் பற்றி ஒரு புகார்கூட வரக்கூடாது" என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவரும் ஒப்புக்கொண்டார். அதன் விளைவு என்னவாயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டக்காரர்களின் கட்டொழுங்குச் சிக்கல்களை வைத்துப் பயிற்றுநரை மதிப்பிடலாமா? இந்தக் கேள்விக்கு, 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால், அது சரியாக இராது.

முதலில், காற்பந்து விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். திடலுக்குள் ஓர் ஆட்டக்காரர் தவறு செய்தால் அட்டை அவருக்குத்தான். ஆனால், திடலோரத்தில் பயிற்றுநரும் மாற்று ஆட்டக்காரர்களும் இருக்கும் பகுதியில் யாரோ தவறு செய்து, செய்தவர் இன்னார் என்று அடையாளம் காண முடியாமல் போனால், அங்கிருக்கும் தலைமைப் பயிற்றுநரே தண்டனையை ஏற்க வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் பயிற்றுநர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டப்படுகின்றன. பார்வையாளர்கள் செய்யும் தவற்றுக்கோ சங்கமே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் மலேசியாவும் சவூதி அரேபியாவும் மோதிய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். பார்வையாளர்கள் தீச்சுடர்களையும் புகைக்குண்டுகளையும் திடலுக்குள் வீசியதால் ஆட்டம் முடியுமுன்பே நிறுத்தப்பட்டது. சவூதி 3-0 என்ற கணக்கில் வென்றதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. அன்று பயிற்றுநர் பொறுப்பில் இருந்தவர் ஓங் கிம் சுவீ. பொறுப்பேற்றுச் சில நாள்களே ஆகியிருந்தன. தீச்சுடர் வீசியவர்களுக்காக அவரைக் குறை கூறுவது நியாயமாகுமா?

ஆக, விதியிலேயே ஓர் அளவு இருக்கிறது. ஒருவருடைய பார்வைக்கும் கைக்கும் எட்டும் தூரம் வரைதான் அவருடைய பொறுப்பு.

அடுத்து, அட்டைகளை எண்ணிப் பார்த்து ஓர் அணியின் ஒழுக்கத்தை அளந்துவிட முடியுமா? 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் ஜப்பானும் செனிகலும் புள்ளிகளிலும் கோல்களிலும் சமமாக இருந்தன. அவை தமக்குள் மோதிய ஆட்டமும் 2-2 எனச் சமநிலையில்தான் முடிந்திருந்தது. ஜப்பானுக்கு 4 மஞ்சள் அட்டைகள், செனிகலுக்கு 6. அந்த வேறுபாட்டினால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது. செனிகல் வீடு திரும்பியது. ஆனால், போலந்துடனான கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஜப்பானியர்கள் கோல் போட முயலாமல், பந்தைத் தமக்குள் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினர். அரங்கமே கூச்சலிட்டது. கணக்கின்படி ஒழுக்கமான அணி அதுதான். அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது எந்தப் பாடத்தைக் கற்பித்திருக்கும்?

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1994, 1995ஆம் ஆண்டுகளில் மலேசியக் காற்பந்தை உலுக்கிய ஊழலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்று ஆட்டத்தை விலைபேசியதற்காக ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். சிலர் சொந்த ஊரை விட்டு வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பணம் வாங்கிய பயிற்றுநர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வாங்காதவர்களைப் பற்றித்தான் கேள்வி எழுகிறது. நாள்தோறும் அணியுடன் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியாதா? நன்றாக ஆடும் ஒருவர் திடீரென்று கால் தளர்ந்து ஆடும்போது அவர்களுக்கு ஐயம் எழவில்லையா? எழுந்திருந்தால் என்ன செய்தார்கள்? ஒரு பயிற்றுநரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே. தவறு நடந்தது என்பது மட்டுமே அவருக்கு எதிரான சான்றாகிவிடாது. தவற்றைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தாரா என்பதுதான் உரைகல்.

தவற்றுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1995ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், சிவப்பு அட்டை பெற்று வெளியேறிக்கொண்டிருந்த மென்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் எரிக் கந்தோனா, தம்மை ஏசிய பார்வையாளர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார். கிளப் அவரை அந்தப் பருவம் முடியும்வரை ஆட்டத்திலிருந்து விலக்கியது. சங்கம் தடையைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டித்தது. நீதிமன்றம் முதலில் சிறைத்தண்டனை விதித்து, மேல்முறையீட்டில் அதை 120 மணி நேரச் சமூகச் சேவையாக மாற்றியது. அந்த நேரத்தை அவர் சிறுவர்களுக்குக் காற்பந்து பயிற்றுவிப்பதில் கழித்தார். அவர் இல்லாத அப்பருவத்தில் யுனைடெட் ஒரே ஒரு புள்ளியில் லீக் கிண்ணத்தைப் பறிகொடுத்தது. மனம் நொந்த கந்தோனா கிளப்பை விட்டே போக எண்ணியபோது, பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசன் பாரிசுக்கே சென்று பேசித் திரும்ப அழைத்து வந்தார். அடுத்த பருவத்தில் யுனைடெட் இரு கிண்ணங்களை வென்றது. தண்டனையும் குறையவில்லை; கையும் விடப்படவில்லை. வெற்றி வந்தது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வராமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரியே.

இப்போது நம் கிள்ளான் ஆசிரியரிடம் திரும்புவோம். 'ஒரு புகார்கூட வரக்கூடாது' என்றதற்கு அவர் கண்ட வழி எளியது. மறு ஆண்டு அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டொழுங்குப் பதிவேட்டில் பெயர் இடம்பெற்ற எந்த மாணவனையும் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு ஒரு புகாரும் வரவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். முந்திய ஆண்டு குத்திய பையனும் பட்டியலில் இல்லை. பள்ளி முடிந்த பிறகு அவன் எங்கே இருக்கிறான், யாருடன் சுற்றுகிறான் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

என் அச்சம் இதுதான். புகார்களின் எண்ணிக்கையை வைத்துப் பயிற்றுநரை எடைபோட்டால், அவர் பையன்களைத் திருத்த முயலமாட்டார். சிக்கலான பையன்களைக் கழித்துக்கட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அளவுகோலை வைத்தவர்கள் நாம்தான். ஆனால், திடல் யாருக்கு மிகவும் தேவை? 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, கும்பல் உறுப்பினர்களில் இந்தியர்களே மிகப் பெரும்பான்மையினர் என்றும் அறிவித்தது. அந்தச் செய்தி நம் சமுதாயத்தைத் தலைகுனிய வைத்தது. கோபக்காரப் பையனைத் திடலிலிருந்து நாம் துரத்தினால், வெளியே அவனை வரவேற்க ஆள்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் கட்டொழுங்குப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

அப்படியானால், பயிற்றுநரை மதிப்பிடவே கூடாதா? கட்டாயம் மதிப்பிட வேண்டும். நான் மூன்று கேள்விகள் கேட்பேன். முதலாவது, அவர் தாமே நடுவரைத் திட்டுகிறாரா? 'காலைத் தட்டு' என்று திடலோரத்திலிருந்து கத்துகிறாரா? அப்படியானால், பையன் செய்தது அவர் கற்பித்த பாடமே. இரண்டாவது, தவறு செய்தவன் அணியிலேயே சிறந்த ஆட்டக்காரனாக இருந்தாலும் அவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தாரா? இறுதியாட்டமாக இருந்தாலும் உட்கார வைப்பாரா? மூன்றாவது, உட்கார வைத்த பிறகு அவனோடு பேசினாரா? அவனை மீண்டும் பயிற்சிக்கு அழைத்தாரா? இம்மூன்றிலும் தேறியவரின் அணியில் ஓர் ஆண்டு இரண்டு சிவப்பு அட்டைகள் விழுந்தாலும் அவரை நான் நல்ல பயிற்றுநர் என்பேன்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். வாரம் இரண்டு முறை பயிற்சி என்றால் பயிற்றுநரிடம் உங்கள் பிள்ளை இருப்பது 4 மணி நேரம். நடுவரை நாம் திடலோரத்தில் எப்படிப் பேசுகிறோம், வீட்டில் கோபம் வந்தால் என்ன செய்கிறோம் என்பதையெல்லாம் பிள்ளை மீதி நேரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்த முறை ஒரு பையன் சிவப்பு அட்டையோடு அழுதுகொண்டு திடலோரம் வந்தால், பயிற்றுநரைத் தேடிப் போகுமுன் அவனருகில் ஒருவராவது சென்று அமருங்கள். பயிற்றுநரிடம் கேட்க வேண்டியதை மறுநாள் கேட்கலாம்.