உச்சிவெயிலுக்கு எத்தனை வோட்?

திருகோணமலையில் கல்யாணப் படம் எடுப்பவருக்கு வெளிச்சத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அபூர்வம். முகூர்த்தம் காலையில், தாலி ஏறி, பந்தி முடிந்து, மணமக்கள் உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ கோணேசர் கோயிலடிக்கோ வந்து நிற்கும்போது வெயில் உச்சியில் நிற்கிறது. எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் கிடக்கும் ஊர் இது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வருகிறது. முன்னது சித்திரை பிறக்கும் நேரம். பின்னது ஆடி கழியக் காத்திருந்த கல்யாணங்கள் குவியும் ஆவணி. அந்த வெயிலில் கண்குழி இருண்டுபோகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். பிளாஷ் வேண்டும் என்பதில் நமக்குள் தகராறில்லை. எவ்வளவு வலுவுள்ளது என்பதில்தான் இருக்கிறது. கையில் காசு சேர்ந்ததும் 600 வோட்-செக்கன் கருவியைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் கரைக்கு 200 போதும், மிச்சக் காசுக்கு இன்னொரு 200 வாங்குவதே புத்தி என்பது இவ்விதழின் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். முழு வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், 1/200 செக்கனுக்கு எஃப்/11 வேண்டும். கமராவின் தலையில் பூட்டும் சிறிய பிளாஷ் ஒன்றின் கைட் நம்பர் 35 மி.மீ. சூமில் 36 என்று வைத்துக்கொள்வோம். குடை இரண்டு ஸ்டொப்பை விழுங்கினால், எஃப்/11க்கு அது எட்டும் தூரம் 1.6 மீற்றர், அதுவும் ஒவ்வொரு படத்துக்கும் முழு வலுவையும் கொட்டி. நண்பகல் சூட்டில் அப்படித் தொடர்ந்து அடித்தால் அது கொதித்து நின்றுவிடும். 200 வோட்-செக்கன் கருவி ஏறக்குறைய ஒன்றரை ஸ்டொப் கூடத் தரும், தூரம் 2.7 மீற்றராகிறது. 600க்குப் போனால் நாலரை மீற்றர் சொச்சம். வலு மூன்று மடங்காகும்போது தூரம் 1.7 மடங்குதான் கூடுகிறது. ஆனால் அதே 200ஐ ஒன்றரை மீற்றருக்குக் கொண்டுவந்தால் மூன்றிலொரு பங்கு வலுவே போதும். கோடொக்ஸ் ஏடி200 போன்ற கருவி ஒரு பற்றறியில் முழு வலுவில் சுமார் 500 தடவை அடிக்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். மூன்றிலொரு பங்கு வலுவில் ஒரு பகல் முழுக்கத் தாங்கும். உதவிக்கு நிற்கும் பையன் இரண்டு எட்டு முன்னே வைப்பதால் கிடைக்கும் வெளிச்சத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நெருங்கி நிற்பதற்குக் காற்றும் ஒரு காரணம். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டியும் இங்கே கச்சான் அடிக்கிறது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று 120 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸை நேராக அறைந்தால், அதன்மேல் விழும் தள்ளல் ஏழு கிலோ எடைக்குச் சமம். ஒடுங்கிய ஸ்டாண்டின் உச்சியில் அது விழுவதற்கு அதிக நேரம் எடுக்காது. மணல்மூட்டை கட்டினாலும் கடற்கரை மணலில் கால் புதையும். 60 சென்ரிமீற்றர் பெட்டிக்குக் கால்வாசித் தள்ளல்தான். ஒரு கம்பின் நுனியில் மாட்டி ஆள் பிடிக்கலாம். இரண்டு மீற்றரில் நிற்கும் பெரிய பெட்டி தரும் மென்மையை, ஒரு மீற்றரில் நிற்கும் சின்னப் பெட்டியும் தரும்.

கமராக்கள் வளர்ந்துவிட்டன, ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சின்ன பிளாஷே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உட்துறைமுகத்தில் பொழுது சாயும்போது அது சரி. நண்பகலில் ஐஎஸ்ஓ கூடினால் வெயிலும் சேர்ந்தே கூடும், விகிதம் மாறாது. ஹைஸ்பீட் சிங் பின்னணியை மங்கலாக்க உதவும், ஆனால் அது இரண்டு ஸ்டொப் அளவுக்காவது வலுவைத் தின்னும். எஃப்/2.8 வேண்டுமென்றால் நான்கு ஸ்டொப் என்டி ஃபில்டர் சிக்கனம்: வெயிலையும் பிளாஷையும் ஒரே அளவில் குறைப்பதால் விகிதம் அப்படியே நிற்கும். 2023இல் சோனி அறிவித்த ஏ9 III போல எல்லா வேகத்திலும் சிங் ஆகும் கமராக்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த விலை எட்டாது. எல்ஈடியைச் சொல்பவர்களுக்கும் கணக்கே பதில். 300 வோட் விளக்கு 1/200 செக்கனில் செலவிடும் சக்தி ஒன்றரை வோட்-செக்கன்தான். வீடியோவுக்கு அது வேண்டும். உச்சிவெயிலோடு மோத அதனால் இயலாது.

குடும்பப் படம்தான் கனமான ஆட்சேபம். பன்னிரண்டு பேரை நிறுத்திவிட்டு விளக்கை ஒன்றரை மீற்றரில் வைத்தால், ஓரத்து மாமாவுக்கும் நடுவில் நிற்கும் மாப்பிள்ளைக்கும் வெளிச்சம் பொருந்தாது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி வெளிறிப்போகும். அங்கே தூரம் வேண்டும், வலுவும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குழுப் படத்துக்குக் குடையின் மென்மை அவசியமில்லை. குடையை நீக்கி, ரிஃப்ளெக்ரர் கிண்ணத்தோடு இரண்டு 200களையும் கமராவின் இருபுறமும் உயரத்தில் வைத்தால், விழுங்கப்பட்ட இரண்டு ஸ்டொப்பும் திரும்புகிறது, ஒளியும் ஓரம்வரை சமமாகப் பரவுகிறது. தனியொரு 600 உப்புக்காற்றில் பழுதானால் அன்றைய கல்யாணமே போச்சு. இரண்டில் ஒன்று நின்றால் மற்றது ஓடும். 2022 மார்ச்சில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை ஏறியதைக் கண்ட தொழிலில், மாற்று உடனே கைக்கு வரும் என்று நம்பி ஒரே கருவியில் எல்லாவற்றையும் கட்டிவைப்பது ஆபத்து. பற்றறியும் ட்ரிகரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரே வகையாக இரண்டையும் வாங்குங்கள். வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்டு, நண்பகலில் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், சொஃப்ட்பொக்ஸோடு ஒன்றரை மீற்றரில், எஃப்/11க்கு, நிறுத்தாமல் முப்பது படம் அடித்துப் பாருங்கள். முப்பதும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் அந்தக் கருவி இந்த ஊருக்குப் போதும்.